மக்காச்சோளக் களியை வறுக்கும் முன் ஒரு ராத்திரி காத்திருங்கள்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு குளிர்காலக் காலையில் 'ஃப்ரைட் மஷ்' என்று வறுத்த மக்காச்சோளக் களி ஒரு தட்டு கொடுத்தனுப்பினாராம். வெளியே முறுகல், உள்ளே வெண்ணெய் மாதிரி, மேலே பாகு. அதையே வீட்டில் செய்து பார்த்ததில் முதல் தடவை பசை, இரண்டாம் தடவை களிமண், மூன்றாம் தடவை கல்லில் போட்டுத் திருப்பியதும் உப்புமாவாக உதிர்ந்துவிட்டதாம். பாட்டியைக் கேட்டால் "மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்" என்கிறாராம். "எங்கே தப்பு? நாங்கள் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதில்லை, அதனாலா? அப்புறம் மீந்த கார்ன்பிரெட், ஹாமினி என்கிற தோலுரித்த மக்காச்சோளம் இதையெல்லாமும் அந்தக் காலத்தில் வறுத்துத்தான் தின்பார்களாமே, அது எப்படி?"

பாட்டி பொய் சொல்லவில்லை. மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். நான்காவதாக ஒரு ராத்திரி வேண்டும், அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது, ஏனென்றால் அவர் வளர்ந்த வீட்டில் மஷ் என்பது முந்தின நாள் சாப்பாட்டில் மீந்தது. ராத்திரி சூடாகப் பாலூற்றிக் குடித்த களி, காலையில் துண்டு போட்டு வறுவல். வேண்டுமென்றே கூடுதலாகக் கிண்டி மிச்சம் வைப்பார்கள்.

முதலில் மாவு, உங்கள் முதல் இரண்டு தோல்வியும் அங்கேதான். நம் ஊரில் கார்ன்ஃப்ளோர் என்றால் சூப் கெட்டியாக்கும் வெள்ளை ஸ்டார்ச், அதைக் கிண்டினால் பசைதான் வரும், நோட்டீஸ் ஒட்டலாம். இரண்டாவதாக இந்தியக் கடையில் மக்கி ஆட்டா வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், அது மக்காச்சோளம்தான், ஆனால் ரொட்டி தட்டுவதற்காக நைசாக அரைத்தது, களியில் குருணை இல்லாமல் அப்பிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது கார்ன்மீல், ரவைப் பதத்தில் உடைத்தது, நடுத்தரமோ கொஞ்சம் கரகரப்போ. பொலென்டா என்று எழுதியிருப்பதும் ஆகும், 'இன்ஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் வேண்டாம், அது ஏற்கெனவே வேகவைத்துக் காயவைத்தது. செல்ஃப் ரைசிங் என்று இருந்தால் சோடா உப்பு கலந்தது, அதுவும் கூடாது. மாசா ஹரினாவைத் தொடவேண்டாம், அது சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்த வேறு சங்கதி, டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்கானது. கல் எந்திரத்தில் அரைத்த மாவு கிடைத்தால் மணம் பிரமாதம். முளைப்பகுதியின் எண்ணெய் அதிலேயே இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், ஃப்ரீசரில் வையுங்கள்.

இப்போது மூன்றாம் தடவை. சரியான மாவு வாங்கி, ஐந்து நிமிடம் கிண்டி, ஒரு மணிநேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் அவசரம். மக்காச்சோள ஸ்டார்ச் 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் தண்ணீரை உறிஞ்சிப் பொங்கி உடையும், களி கெட்டியானதும் ஆகிவிட்டது என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு குருணையின் நடுவிலும் இன்னும் வேகாத கரு இருக்கும். அந்தக் கருவும் வேக அரை மணிநேரமாவது சிம்மில் கிடக்கவேண்டும். அப்புறம் ஆறும்போது, ஸ்டார்ச்சிலிருந்து வெளியே வந்த அமைலோஸ் என்ற நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்து ஒரு வலை மாதிரி இறுகுகின்றன. துண்டை உதிராமல் நிற்கவைப்பது அந்த வலைதான். முட்டையும் இல்லை, கோதுமையின் பசைத்தன்மையும் இல்லை, வேறு பிடிமானமே கிடையாது. நடுப்பாகம் வரை குளிர்ந்து இறுக எட்டு மணிநேரமாவது கொடுங்கள். சூடான இட்லியை உதிர்த்தால் குழைந்துபோகும், பழைய இட்லி சொன்னபடி கேட்கும் அல்லவா, அதே சமாசாரம்.

அளவு சொல்கிறேன். ஒரு கப் கார்ன்மீல், நான்கு கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. மூன்று கப் தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்க வையுங்கள். மீதி ஒரு கப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துவைத்து, கொதிக்கும்போது ஒரே கையாக ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாது. பழைய ஆட்கள் இடது கையால் மாவைச் சாரல் மாதிரி தூவிக்கொண்டே வலது கையால் துடுப்பைச் சுழற்றுவார்கள், கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கை என்றால் நீங்களும் அப்படியே செய்யலாம். கெட்டியானதும் தீயை முடிந்த அளவு குறைத்து, மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிபிடிக்காமல் துழாவி, 30 முதல் 40 நிமிடம். கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும், நீளக் கரண்டி எடுங்கள். துடுப்பைத் தூக்கினால் ஒழுகாமல் பொத்தென்று விழவேண்டும், அதுதான் பதம்.

எண்ணெய் தடவிய பிரெட் டின்னில் ஊற்றி, மேலே தட்டிச் சமமாக்கி, பிளாஸ்டிக் தாளைக் களியின் மேலேயே படும்படி ஒட்டி மூடுங்கள். இதைக் கெட்டுப்போய்த்தான் கற்றுக்கொண்டேன்: நான் முதலில் செய்தபோது சூட்டோடு பாத்திரத்துக்கு மூடி போட்டு வைத்துவிட்டேன், மூடியில் வேர்த்த தண்ணீர் முழுக்கக் களிமேல் சொட்டி, காலையில் எண்ணெயில் போட்டதும் அடுப்படி முழுக்கத் தெறித்தது, முறுகலும் வரவில்லை. மேல்பக்கம் ஈரமாக இருக்கும்வரை கல்லின் சூடு முழுதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும், சிவப்பதற்கு மிச்சமிருக்காது. அதனால் காலையில் அரை அங்குலக் கனத்தில் துண்டு போட்டு, துணியால் ஒற்றி, மைதாவையோ கார்ன்மீலையோ மெல்லிசாகத் தூவித் தட்டிவிடுங்கள்.

வறுக்க, உங்களிடம் இருக்கும் இரும்பு தோசைக்கல்லே போதும், தனியாக வார்ப்பிரும்பு ஸ்கில்லெட் வாங்கவேண்டியதில்லை. நான்ஸ்டிக்கில் இந்த முறுகல் வராது. கல் நன்றாகக் காயட்டும், எண்ணெய் தாராளமாக, நடுத்தரத் தீ. போட்டபின் எட்டுப் பத்து நிமிடம் தொடக் கூடாது. தோசைத் திருப்பியை அடியில் விட்டால் தானாக விடவேண்டும், ஒட்டிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், சுரண்டாதீர்கள். ஒரே ஒரு தடவைதான் திருப்பவேண்டும்.

பன்றிக் கொழுப்பு இல்லாததால் உதிரவில்லை. அந்தக் காலக் குடியேறிகள் அதில் வறுத்தது, கையில் இருந்தது அதுதான் என்பதால். 1845இல் ஒரேகன், கலிபோர்னியா போகிறவர்களுக்காக அச்சான ஒரு வழிகாட்டி, ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பேக்கன் எடுத்துப் போகச் சொல்கிறது. கிலோவில் சுமார் 91ம் 68ம். உப்புக்கண்டமான அந்தப் பேக்கனைச் சட்டியில் போட்டாலே கொழுப்பு ஊறும், அதை ஒரு டப்பாவில் வடித்துவைத்து எல்லாவற்றையும் அதில்தான் வறுத்தார்கள். உப்பும் புகைவாசமும் அதிலிருந்தே வந்துவிடும். நீங்கள் கடலை எண்ணெயில் இரண்டு ஸ்பூன் நெய் விடுங்கள், களியில் கால் டீஸ்பூன் உப்பு கூட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெய் மட்டும் போட்டால் பத்து நிமிடச் சூட்டுக்குத் தாங்காது, கருகிவிடும். அந்தப் புகைவாசம் இல்லாத குறை தெரியும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பாகு ஊற்றும்போது முக்கால்வாசி மறந்துபோகும்.

பாகு என்றதும் ஒரு விஷயம். மேப்பிள் சிரப் எல்லோரும் அறிந்தது. ஒஹையோ, கென்டக்கி, டென்னசி பக்கம் சார்கம் சிரப் என்று ஒன்று விற்பார்கள், சார்கம் வேறொன்றுமில்லை, நம் சோளமேதான், அதன் இனிப்புத் தட்டை ரகத்தைக் கரும்பு மாதிரி பிழிந்து காய்ச்சியது. 1850களில் அமெரிக்காவுக்கு வந்த பயிர், உள்நாட்டுப் போரில் தெற்கிலிருந்து சர்க்கரை வருவது நின்றதும் வடக்கே வேகமாகப் பரவியது. வெல்லப்பாகில் லேசாகப் புளிப்பு விழுந்த மாதிரி இருக்கும். மக்காச்சோளத்தையும் சோளத்தையும் பெயரில் குழப்பிக்கொள்கிற நமக்கு, இரண்டும் ஒரே தட்டில்.

எதற்கெடுத்தாலும் மக்காச்சோளம் ஏன் என்றால், மரம் வெட்டிய புதுக்காட்டில் அடிக்கட்டைகளுக்கு நடுவே ஏர் ஓட்டமுடியாது, கோதுமை சரிவராது, ஆனால் மண்வெட்டியால் குழி பறித்து நாலு விதை போட்டால் மக்காச்சோளம் வரும். 1779இல் வர்ஜீனியா போட்ட நிலச் சட்டத்தில், 1778க்கு முன்னால் கென்டக்கிப் பக்கம் ஒரு போகம் மக்காச்சோளம் விளைவித்திருந்தாலே 400 ஏக்கர் கோரலாம் என்று இருந்தது. அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று சட்டம் கேட்கவில்லை. சமையலும் அங்கே முன்பிருந்த பூர்வகுடிகளுடையதுதான்: ஹாமினி, போன் (மக்காச்சோள ரொட்டி) என்பவை பவ்ஹாட்டன் மொழிச் சொற்கள், சக்கோட்டாஷ் (மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்ந்த கூட்டு) நரகான்செட் மொழியிலிருந்து வந்தது. வறுத்து இடித்த மக்காச்சோள மாவைப் பையில் போட்டுக்கொண்டு, பசித்தால் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு நடப்பதும் அவர்களிடம் கற்றதே.

ஹாமினிக்கு வருகிறேன். காய்ந்த மக்காச்சோளத்தை மரச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்துத் தோலுரித்தது. தோல் கழல்வது கண்ணுக்குத் தெரிகிற பயன், தெரியாத பயன் இன்னொன்று: மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது, சாம்பல், சுண்ணாம்பு மாதிரியான காரப்பொருள் பட்டால்தான் விடுபடும். அந்தப் படியை விட்டுவிட்டு, முளை நீக்கிய மாவையே மூன்று வேளையும் தின்ற தெற்கத்தி ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற நோய் வந்தது. 1914இல் அதை ஆராயப் போன ஜோசப் கோல்ட்பெர்கர் அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று கண்டார், நியாசின்தான் என்பது 1937இல் தெரிந்தது. வாரம் ஒருநாள் மஷ் தின்கிற உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வீட்டில் சாம்பல் தண்ணீர் முயற்சியும் வேண்டாம், டப்பாவில் வெந்த ஹாமினி கிடைக்கிறது. நானே வேகவைப்பேன் என்றால், மெக்சிகோக்காரர் கடையில் 'கால்' என்று கேளுங்கள், உணவுக்கான சுண்ணாம்பு. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 10 கிராம், மூன்று லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம் (அலுமினியம் கூடாது, அரித்துவிடும்), அரை மணி முதல் முக்கால் மணி வேகவைத்து ராத்திரி ஊறவிட்டு, தோல் போகத் தேய்த்து, நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் அதை நல்ல தண்ணீரில் மெத்தென்று ஆகும்வரை இன்னொரு தடவை வேகவைக்கவேண்டும், மணிக்கணக்கில் ஆகும்.

வறுக்கும்போது வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போகவிட்டு, சூடான எண்ணெயில் ஒரே அடுக்காகப் போட்டு அங்கங்கே சிவக்கும்வரை விட்டுவிடுங்கள். வெங்காயத்தாள், மிளகுத்தூள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கடைசியில் இரண்டு அடித்து ஊற்றிக் கிளறலாம். கொஞ்சம் துள்ளும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

மீந்த கார்ன்பிரெட்டுக்கு 'குஷ்' என்று ஒன்று உண்டு, உள்நாட்டுப் போரில் தெற்குச் சிப்பாய்கள் முகாமில் தின்றது. கொழுப்பில் வெங்காயம் வதக்கி, காய்ந்துபோன கார்ன்பிரெட்டை உதிர்த்துப் போட்டு, தண்ணீர் தெளித்துக் கிளறி, அடி முறுகவிட்டு எடுப்பது. பெரிய சமையல் என்று சொல்லமாட்டேன், ஆனால் உப்புமா சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வாயிலேயே புரியும். சர்க்கரை போட்ட மிக்ஸில் செய்த கார்ன்பிரெட் என்றால் விட்டுவிடுங்கள், வெங்காயத்தோடு சேராது, கருகவும் செய்யும். அவித்து ஆறிய உருளைக்கிழங்குக்கும் மஷ்ஷுக்குச் சொன்ன அதே சட்டம்: முந்தின நாளே அவித்துக் குளிரவைத்ததுதான் முறுகும், போட்டபின் கிண்டிக்கொண்டே இருந்தால் முறுகாது.

ஒரே ஒரு விஷயத்தில் பாட்டி காலத்தைப் பின்பற்றவேண்டாம். அவர்கள் களியை ராத்திரி முழுக்க வெளியே வைத்தது சூடு போடாத குளிர் அறையில். உங்கள் சமையலறை அப்படி இல்லை, இரண்டு மணிநேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடவேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் தீர்க்கவேண்டும். மொத்தமாகத் துண்டு போடாமல், தேவைக்குத் தேவை டின்னிலிருந்து வெட்டுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது.