வரையும் பிள்ளையோடு டோக்கியோ வருகிறவர்களுக்கு

வேளச்சேரியிலிருந்து ஏப்ரலில் நிஷி-கசாய்க்குக் குடிவரப்போகும் சகோதரி கேட்டிருக்கிறார்: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் எந்நேரமும் வரைந்துகொண்டிருக்கிறாள், கிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவின் மியூசியத்துக்குச் சென்னையிலிருந்தே டிக்கெட் எடுக்கலாமா, அங்கே குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்குமா, ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

டிக்கெட் எடுக்கலாம். வகுப்பு என்று நம்பி அங்கே போகாதீர்கள். அது வருஷத்துக்கு ஒருமுறை போய் வாயைப் பிளந்து பார்க்கிற இடம். அடிக்கடி போய்வர, கை அழுக்காக எதையாவது செய்துபார்க்க வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டுக்குமே உங்கள் வீட்டுப் பக்கத்து தோசாய் லைன் ரயிலில்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் கிப்லி. மிடாகாவில் 2001இல் திறந்த மியூசியம். வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதம் முழுவதற்கும் லாசன் டிக்கெட் தளத்தில் விற்பனை தொடங்கும். சென்னையில் அப்போது காலை 6.30. வெளிநாட்டவருக்கென்று ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. இங்கே பலரும் தடுக்கி விழுவது கார்டில்தான்: நம்மூர் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. முந்தின நாளே வங்கி ஆப்பில் அதைத் திறந்துவையுங்கள். வரிசையில் காத்திருந்து, தேதியும் நேரமும் தேர்ந்தெடுத்து, கடைசிப் படியில் பணம் போகாவிட்டால் திரும்ப வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். அதற்குள் சனி, ஞாயிறு காலியாகிவிடும்.

பெரியவர்களுக்கு 1,000 யென், 7 முதல் 12 வயது வரை 400, 4 முதல் 6 வரை 100. உங்கள் மூவருக்கும் 2,400 யென்தான். டூர் ஏஜென்ட் இதைப்போலப் பல மடங்கு கேட்டால் கொடுக்காதீர்கள். விலை மட்டும் பிரச்சினையில்லை. டிக்கெட் எடுத்தவரின் பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள், வேறொருவர் பெயரில் வாங்கியது வாசலோடு நின்றுவிடலாம். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரை அடியுங்கள். இனிஷியல் விளையாட்டு வேண்டாம். குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். உள்ளே போனபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள். அதனால் தயிர்சாதத்தைப் பக்கத்திலிருக்கும் இனோகாஷிரா பூங்காவில் முடித்துவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும் கஃபேயில் வரிசை நீளம், சைவம் சொற்பம்.

வாசலில் தரும் நுழைவுச் சீட்டில் நிஜமான 35 மி.மீ. ஃபிலிம் துண்டு ஒட்டியிருக்கும். அதைக் காட்டித்தான் உள்ளே இருக்கும் குட்டித் தியேட்டரில் குறும்படம் பார்க்க வேண்டும், ஒருவருக்கு ஒரே முறை. தரைக்குக் கீழ்த்தளத்தில் சுழலும் பொம்மைகள் விளக்கொளி விட்டுவிட்டு அடிக்கும்போது உயிர்பெற்றுக் குதிக்கும் அறைதான் அனிமேஷன் பாடத்தின் சாரம். வெளிச்சம் வெட்டிவெட்டி வருவதால் வலிப்பு உள்ள பிள்ளைகளை அங்கே நிறுத்தாதீர்கள். கட்டடத்துக்குள் போட்டோ கிடையாது. நல்ல விதி என்பேன். பிள்ளை கண்ணால் பார்க்கும்.

இனி உங்கள் மகளுக்கு உண்மையிலேயே ஏற்ற இடம்: சிஹிரோ ஆர்ட் மியூசியம். நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், படத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ புத்தகத்தோடு சேர்ந்த நீர்வண்ணப் படங்கள் இவாசாகி சிஹிரோ வரைந்தவை. சிஹிரோ 1974இல் காலமானார், புத்தகம் வந்தது 1981இல். அவர் விட்டுச்சென்ற படங்களிலிருந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். அதை எழுதிய குரோயானாகி தெத்சுகோதான் இந்த மியூசியத்தின் இயக்குநர். 1977இல், சிஹிரோவின் வீடும் வரைகூடமும் இருந்த இடத்திலேயே திறந்தார்கள். கிளம்புவதற்கு முன் சென்னையில் தமிழ்ப் பிரதி ஒன்று வாங்கி மகளிடம் கொடுத்துவிடுங்கள். மொழி தெரியாத மியூசியத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஆளைத் தெரிந்திருக்கும்.

கோபுலு, சில்பி, மணியம் ஓவியங்களைப் பத்திரிகைத் தாளில் மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு, புத்தக ஓவியத்தின் மூலப் பிரதியை ஓரடி தூரத்தில் பார்ப்பது தனி அனுபவம். அச்சில் வெறும் வெள்ளையாகத் தெரியும் இடம் மூலத்தில் தாளின் சொரசொரப்பு என்று தெரியும். அறைகள் மங்கலாக இருக்கும். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவிலேயே விளக்கு வைப்பது வழக்கம். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். அதே காரணத்தால் படங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நடுவில் ‘தெஞ்சிகாயே’ (படங்களை மாற்றுகிறோம்) என்று போட்டு நாள்கணக்கில் மூடியிருப்பார்கள். காலண்டர் பார்க்காமல் கிளம்பினால் பூட்டிய கதவுதான். உயர்நிலைப் பள்ளி வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

இங்கே சிஹிரோவின் ‘நிஜிமி’ முறையைச் செய்துபார்க்கும் பட்டறை நடக்கும்: தடித்த தாளை நனைத்து, ஈரம் காயுமுன் வண்ணம் சொட்டி, அது தானே பரவ விடுவது. வீட்டில் செய்தால் ஏன் வருவதில்லை என்றால், ஸ்கூல் டிராயிங் நோட்டுத் தாள் மெல்லிசு. நனைந்ததும் சுருண்டு வண்ணம் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான தாள் வாங்குங்கள். தண்ணீர் குளமாக நிற்கக்கூடாது, பளபளப்பு அடங்கும் தருணத்தில் சொட்ட வேண்டும். பேச்சு அதிகம் தேவையில்லாத பட்டறை, கையைப் பார்த்தே கற்றுக்கொள்வாள்.

மூன்றாவது, ஓகிகுபோவில் சுகினாமி அனிமேஷன் மியூசியம். அனுமதி இலவசம். அனிமேட்டர் மேசையில் உட்கார்ந்து கீழிருந்து வரும் வெளிச்சத்தில் படியெடுத்து வரையலாம். போகும் முன் மகளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிவையுங்கள்: ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஜப்பானிய டிவி அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தையே மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக நொடிக்கு 8 படம். குரல் கொடுக்கும் பகுதி மட்டும் ஜப்பானிய மொழி வந்தபிறகுதான் ருசிக்கும். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் 20 நிமிடம், பஸ்ஸும் உண்டு.

நிகழ்ச்சி அறிவிப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான். போன் கேமராவில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘சூசென்’ என்றால் குலுக்கல். கடைசித் தேதிக்குள் எப்போது அனுப்பினாலும் ஒன்றுதான். ‘சென்சாகு’ என்றால் முந்தினவருக்கு. திறந்த நிமிடமே பதியவேண்டும். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பழகியிருப்பீர்கள். இங்கே சிஹிரோவும் சுகினாமியும் திங்கள், கிப்லி செவ்வாய். திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவார்கள்.

போகும் வழி: நிஷி-கசாயில் மிடாகா வரை போகும் தோசாய் ரயிலில் ஏறினால் ஓகிகுபோ, இனோகாஷிரா பூங்காவுக்கான கிச்சிஜோஜி, மிடாகா மூன்றுக்கும் மாறாமல் போகலாம். நகானோவோடு நிற்கும் ரயில் வந்தால் அங்கே மாறிக்கொள்ளுங்கள். சிஹிரோவுக்கு தகாதானோபாபாவில் இறங்கி செய்பு ஷின்ஜுகு லைனில் காமி-இகுசா. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். திரும்பி வரும்போது தோசாய் லைனில் ரேபிட் வண்டியில் ஏறிவிட்டால், தோயோச்சோவை விட்டதும் நிஷி-கசாயில் நிற்காமல் நேராக உராயாசு போய்விடும். அங்கே இறங்கி, எதிர்த் திசையில் சாதாரண வண்டி பிடித்துத் திரும்ப வேண்டும்.