'மம்ஸ் த வேர்ட்' அம்மாவைப் பற்றிய பேச்சு இல்லை தம்பி

தம்பி, டீம் லீட் ஒரு பழுப்பு உறையைக் கையில் கொடுத்து 'மம்ஸ் த வேர்ட்' என்று சொல்லிவிட்டுப் போனார், அம்மாவை விசாரிக்கிறார் என்று நினைத்து "ஊரில் நல்லா இருக்காங்க" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தப்பும் இல்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். உறையைப் பிரித்துப் பார்த்தீர்களா? வேலையை விட்டுப் போகிற யாருக்கோ ஒரு வாழ்த்து அட்டை, கொஞ்சம் சில்லறை, மேலே பெயர்ப் பட்டியல், கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் மட்டும் அடித்திருக்கும். அதேதான்.

இந்த 'மம்' அம்மா இல்லை. உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், 'ம்ம்' என்றுதான் வரும், அந்த ஒலியே சொல்லாகிவிட்டது. நாமும் 'ஏன்டா உம்மென்று இருக்கே' என்று கேட்கிறோமே, அதே சங்கதி. முணுமுணுப்பதைச் சொல்கிற 'மம்பிள்' இதற்குச் சொந்தக்காரன். அம்மாவைக் குறிக்கும் 'மம்' மழலையிலிருந்து வந்த வேறு சொல். எகிப்து மம்மி இரண்டிலும் சேர்த்தி இல்லை, அது அரபி வழியாக வந்தது.

நீங்கள் பர்மிங்ஹாமில் இருப்பதால் இன்னொன்று சொல்கிறேன். நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேராக கிரேட் மால்வெர்னில் போய் இறங்கலாம், அந்த மால்வெர்ன் குன்றுகளை வைத்துத்தான் வில்லியம் லாங்லண்ட் 14-ஆம் நூற்றாண்டில் 'பியர்ஸ் ப்ளவ்மன்' என்ற நீண்ட கவிதையைத் தொடங்குகிறார். அதில் வக்கீல்களை ஒரு பிடி பிடிப்பார்: மால்வெர்ன் குன்றின் மூடுபனியைக்கூட அளந்துவிடலாம், காசைக் கண்ணில் காட்டாமல் இவர்கள் வாயிலிருந்து ஒரு 'மம்' வராது என்று. அங்கே 'மம்' என்றால் மௌனம் இல்லை, வாயிலிருந்து வரக்கூடிய ஆகச் சின்ன சத்தம். இருநூறு வருஷம் கழித்து ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் ஒருவன் உதட்டுக்கு முத்திரை வை, 'மம்' தவிர வேறு வார்த்தை வேண்டாம் என்பான். இதை வைத்து 'மம்ஸ் த வேர்ட்' என்பதே ஷேக்ஸ்பியர் எழுதியது என்று ஆபிஸில் யாராவது அடித்துச் சொல்வார்கள். அந்த வடிவத்தில் அவர் எழுதவில்லை. விட்டுவிடுங்கள், வாதாடி என்ன ஆகப்போகிறது.

அம்மாவையும் மௌனத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நீங்கள் மட்டும் இல்லை, இந்த ஆங்கிலேயர்களே வேண்டுமென்று செய்ததுதான். இரண்டாம் உலகப் போரில், ஒற்றன் காதில் விழும், வாயைக் கட்டுங்கள் என்று அரசாங்கம் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியது. அதில் ஒன்று 'பி லைக் டாட், கீப் மம்'. அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டு இரு என்றும் படிக்கலாம், அப்பாவைப் போல அம்மாவுக்குச் சோறு போட்டு வைத்துக்கொள் என்றும் படிக்கலாம். பெண்களை மட்டம் தட்டுகிற வாசகம் என்று எடித் சம்மர்ஸ்கில் என்ற பெண் எம்.பி. நாடாளுமன்றத்திலேயே கேள்வி கேட்டார். கேட்டது நியாயம்தான் என்பேன். 1942-இல் வந்த இன்னொன்றில் முப்படை அதிகாரிகளும் சுற்றி நின்று கதையளக்க, நடுவில் ஓர் அழகி ஒன்றும் தெரியாதவள் போலச் சாய்ந்திருப்பாள். 'கீப் மம்', அவள் அப்படியொன்றும் மக்கு இல்லை என்று அதில் எழுதியிருக்கும்.

சரி, உங்களுக்கு வேண்டியது இதுதான். 'மம்ஸ் த வேர்ட்' என்று ஒருவர் சொன்னால் விஷயம் சின்னது. பிறந்தநாள், பிரிவு உபசாரம், யாரோ ரகசியமாக வாங்கி வைத்த கேக். சம்பளம், ஆள்குறைப்பு, ஒருவர் மேல் புகார் என்றால் இப்படி விளையாட்டாகப் பேசமாட்டார்கள், 'இன் கான்ஃபிடன்ஸ்', அதாவது உங்களை நம்பிச் சொல்கிறேன், வெளியே போகக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வார்கள், அப்போது நிஜமாகவே பயப்படுங்கள். 'கீப் ஷ்டூம்' என்றும் காதில் விழும், ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக வந்தது, வாயைத் திறக்காதே என்பதுதான், கொஞ்சம் தெருப்பேச்சு. அப்புறம், உங்கள் பர்மிங்ஹாம் ஊர்க்காரர்கள் அம்மாவை 'மாம்' என்பார்கள், அன்னையர் தின அட்டையில்கூட அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் ரொம்பக் கறார், அதனால் பர்மிங்ஹாம்காரர் வாயில் 'மம்' வந்தால் பெரும்பாலும் அம்மாவாக இருக்காது.

உறையில் ரெண்டு மூணு பவுண்டு போட்டால் போதும், புதிதாக வந்தவரிடம் யாரும் அதிகம் எதிர்பார்க்கமாட்டார்கள். அட்டையில் 'ஆல் த பெஸ்ட்' என்று எழுதிப் பெயரைப் போடுங்கள், பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் தள்ளிவிடுங்கள். அதற்குள் வேலையை விட்டுப் போகிற அந்த மனிதரே உங்கள் மேசைப் பக்கம் வந்தால் மட்டும் ஒரு ஃபைலை எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.