பழைய போன் எதில் படுத்தியது? – வாசகர் கேள்வி பதில்

18 வருஷம் மொபைல் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்தவள் நான். கடையில் நீங்கள் பார்ப்பது போனின் முதல் நாளை. என் மேசைக்கு அது வந்தது ஐந்நூறாவது நாளிலோ, தண்ணீரில் விழுந்த அன்றோ. "புது போனில் எதைப் பார்த்து வாங்குவது?" என்று வந்த கடிதங்களுக்கு அந்த மேசைப் பழக்கத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ரெண்டு வாரமாக மாடல்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது வரி அம்சங்கள். எந்த வரியில் ஆரம்பிப்பது? – குழம்பிப்போன வாசகர்

அந்தப் பட்டியலை மூடிவிட்டு, கையில் இருக்கிற போனை எடுங்கள். போன மாதம் அது உங்களை எதிலெல்லாம் படுத்தியது? மத்தியானமே சார்ஜ் தீர்ந்ததா? 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று நச்சரித்ததா? வெயிலில் திரை தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றீர்களா? ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்து வரிக்கு மேல் வராது. அதுதான் உங்கள் பட்டியல்.

அப்புறம் செட்டிங்ஸுக்குள் போய், பேட்டரியை எந்த ஆப் தின்கிறது, ஒரு நாளில் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'கேம் விளையாட வேகமான போன் சொல்லுங்கள்' என்று ஒருவர் கேட்டு வந்தார். அவர் போனையே வாங்கிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க கேமில் இருந்தது 40 நிமிஷம். வீடியோ பார்த்தது 19 மணி நேரம். அவர் தேட வேண்டியது நல்ல திரையும் ஸ்பீக்கரும். பிராசசருக்காகக் காசைக் கொட்டியிருப்பார், பாவம்.

கேள்வி: 50 மெகாபிக்சல் போன் ஒன்று, 108 மெகாபிக்சல் போன் ஒன்று. போட்டோதான் எனக்கு முக்கியம். 108 தானே நல்லது? – கல்லூரி மாணவி

இந்தக் கணக்கைப் போட்டுப் பாரும்மா. 50 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் நாலு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் எடுத்துக் கொடுக்கும். 108 இருக்கிறதே, அது ஒன்பதைச் சேர்க்கும்: 12. 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் வருகிறதே, அது பதினாறைச் சேர்த்து மறுபடியும் 12.5-க்கே வந்து நிற்கும். வெளிச்சம் குறைவான இடத்தில் சின்னப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற ஒளி போதாது என்பதால் இப்படிக் கூட்டுச் சேர்க்கிறார்கள். தப்பில்லை, நல்ல ஏற்பாடுதான். பெட்டியில் போடுகிற எண்ணும் கைக்கு வருகிற படமும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

12 மெகாபிக்சல் போதுமா என்றால், சாதாரண போன் திரை 1080-க்கு 2400. பெருக்கினால் சுமார் 26 லட்சம் புள்ளி. உன் படத்தில் இருப்பது 1 கோடியே 20 லட்சம். ஏ4 தாளில் அச்சடித்தாலும் தாராளம்.

அப்போ எதைப் பார்ப்பது? முதலில் சென்சாரின் அளவு. லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கிப் படமாக்குகிற சில்லு அது. 1/1.56 அங்குலம், 1/2.76 அங்குலம் என்று பின்னமாக எழுதியிருப்பார்கள். கீழே இருக்கிற எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரிது; ஒளியை அதிகம் வாங்கும். அடுத்தது ஓஐஎஸ். கை நடுங்கினால் அதற்கு ஈடாக லென்ஸோ சென்சாரோ உள்ளுக்குள் நகர்ந்து கொடுக்கிற அமைப்பு அது. ராத்திரிப் படத்துக்கு இது இருப்பதும் இல்லாததும் கண்ணுக்கே தெரியும். 'இஐஎஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது மென்பொருள் வேலை, வீடியோவுக்கு உதவும், அவ்வளவுதான்.

பின்பக்கம் எத்தனை லென்ஸ் என்று எண்ணாதே. 2 மெகாபிக்சல் 'மேக்ரோ', 2 மெகாபிக்சல் 'டெப்த்' என்று இருந்தால் அவை ஆளெண்ணிக்கைக்கு வந்தவை. நாலு கண் இருக்கும், பார்க்கிற கண் ஒன்றுதான்.

கடையில் ஒரு சோதனை செய்து பார். வாசல் வெளிச்சத்தில் எல்லா போனும் நன்றாகத்தான் எடுக்கும். மூலையில், நிழலில், அசைந்துகொண்டிருக்கிற யாரையாவது மூன்று படம் எடு. இரண்டு விரலால் பெரிதாக்கி, முடியும் புருவமும் இழை இழையாகத் தெரிகிறதா, மெழுகு பூசியதுபோல் இருக்கிறதா என்று பார். பட்டனைத் தொட்டதற்கும் படம் பதிவானதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம் என்பதையும் கவனி. குழந்தைகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு மெகாபிக்சலைவிட அந்த அரை நொடிதான் முக்கியம்.

கேள்வி: '8 ஜிபி + 8 ஜிபி ரேம்' என்று போட்டிருக்கிறார்கள். 16 என்று எடுத்துக்கொள்ளலாமா?

8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது பயன்படுத்துகிற வேகமான தற்காலிக இடம். கூட்டல் குறிக்கு அப்புறம் வருவது ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம். ரேமைவிட அது பல மடங்கு மெதுவு.

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போது கன்னம் பட்டு கால் கட் ஆகிறது, இல்லையென்றால் ம்யூட் ஆகிறது. ஒன்றரை வருஷமாக இந்தத் தொல்லை. அடுத்த போனில் இது வராமல் இருக்க எந்த அம்சத்தைப் பார்க்க வேண்டும்? – இல்லத்தரசி

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. விளம்பரத்தில் வரவே வராத விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதன் பெயர் பிராக்ஸிமிட்டி சென்சார். போனைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். எடுத்ததும் எரிய வேண்டும். காது ஸ்பீக்கர் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது முகத்தில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கண்டுபிடிப்பது பழைய முறை. திரையைச் சுற்றி விளிம்பை மெலிதாக்கும் ஆசையில் சில மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, காதுக்குக் கேட்காத ஒலியை ஸ்பீக்கரில் அனுப்பி, மைக்கில் எதிரொலி வாங்கி, மென்பொருளால் ஊகிக்கிறார்கள். நன்றாகச் செய்தால் வேலை செய்கிறது. மோசமாகச் செய்ததில் உங்கள் கன்னம் டயல் செய்கிறது. அம்சப் பட்டியலின் கடைசியில், சென்சார் என்ற வரியில், 'விர்ச்சுவல்' என்ற சொல் தென்பட்டால் உஷார்.

கடையிலேயே சிம்மைப் போட்டு ஒரு கால் செய்யுங்கள். காதோடு ஒட்டி ஒருமுறை, கொஞ்சம் சாய்த்து ஒருமுறை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒருமுறை. திரை அணைகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். போன் வாங்கப் போய் போன் பேசிப் பார்க்காமல் வருகிறவர்கள்தான் எக்கச்சக்கம்!

இப்போதைய போனில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். சென்சார் மேல் அது படிந்திருந்தாலும் இதே கூத்துதான்.

கேள்வி: எந்த கலர் வாங்கலாம்?

எப்படியும் கவர் போடப்போகிறீர்கள். கவரின் கலரை யோசியுங்கள்.

கேள்வி: 5000 எம்ஏஎச் பேட்டரி என்று நம்பி வாங்கினேன். நண்பரின் 4500 எம்ஏஎச் போன் என்னுடையதைவிட அதிக நேரம் நிற்கிறது. எப்படி? – விற்பனைப் பிரதிநிதி

எம்ஏஎச் என்பது தொட்டியின் கொள்ளளவு மாதிரி. குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அது சொல்லாது. திரை வெளிச்சம், பிராசசரின் பசி, பின்னணியில் ஓடுகிற ஆப் எல்லாம் குழாய்தான். அலைந்து வேலை பார்க்கிற உங்களுக்கு இன்னொன்றும் உண்டு: சிக்னல் குறைந்த இடத்தில் டவரை எட்டிப்பிடிக்க போன் அதிக சக்தியில் அலை அனுப்பும். பாக்கெட்டில் சும்மா கிடக்கிற போன் சுடுவது பல நேரம் இதனால்தான். அதனால் எண்ணைப் பார்க்காமல், ஒரே மாதிரி சோதனையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்த விமர்சனங்களைத் தேடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற போன்களுக்கு லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்க்க எளிதா என்று எல்லாம் அதில் இருக்கும். 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பதும் அங்கே விதி. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த மாடலின் லேபிளைத் தேடிப் படிக்கலாம். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு பேட்டரி வைத்து விற்பதும் உண்டு, அதை மட்டும் சரிபாருங்கள்.

சார்ஜர் எத்தனை வாட், எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற கணக்கில் மயங்க வேண்டாம். அரை மணியில் ஏறினாலும் முக்கால் மணியில் ஏறினாலும் குளிக்கப் போய் வருவதற்குள் ஏறிவிடும். பேட்டரிக்கு எமன் சூடுதான். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டு, உப்பிப்போன பேட்டரி பின்மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வந்த போன்களை நான் எண்ணி முடியாது.

கேள்வி: எனக்கு 71 வயது. மகன் வாங்கித் தந்த போனில் திரைக்குள் கைரேகை. பத்துத் தடவை வைத்தால் ஒரு தடவை திறக்கிறது. என் விரலில் கோளாறா? – ஓய்வு பெற்ற ஆசிரியர்

உங்கள் விரலில் ஒன்றும் இல்லை, ஐயா. பெரும்பாலான திரைக்குள் சென்சார்கள் விரலுக்குக் கீழே வெளிச்சம் அடித்து ரேகையைப் படம் பிடிப்பவை. வயதானால் ரேகை தேய்கிறது, தோல் வறள்கிறது. படம் தெளிவாக விழாது. ஒரே விரலை இரண்டு மூன்று முறை தனித்தனியாகப் பதிந்துவையுங்கள், ஓரளவு சரியாகும். அடுத்த முறை பக்கவாட்டு பவர் பட்டனிலேயே கைரேகை இருக்கிற போனாகக் கேளுங்கள்.

உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் முதலில் பார்ப்பது எடை. 220 கிராம் போனை அரை மணி பிடித்தால் சுண்டுவிரல் வலிக்கும். 180 சுற்றி இருந்தால் நல்லது. எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் நீங்கள் தினம் திறக்கிற ஆப்பில் பட்டன்கள் திரைக்கு வெளியே போகாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: ஐபி68 என்றால் தைரியமாகத் தண்ணீரில் போடலாமா?

என் சொந்த போன் ஐபி68. மூன்றாவது வருஷம் சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்தது. துடைத்து வைத்தேன், மறுநாள் கேமராவுக்குள் பனி படர்ந்திருந்தது, அதற்கு அடுத்த நாள் திரை போனது. குற்றம் என்னுடையதுதான்: அதற்கு ஆறு மாதம் முன்னால் நானே திறந்து, புது ஒட்டுப்பசை வைக்காமல் மூடியிருந்தேன். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். 68-க்கு ஆழத்தையும் நேரத்தையும் கம்பெனியே குறிப்பிடும். இரண்டும் புது போனை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த கணக்கு. மழையில் நனைந்தால் பதறாமல் இருக்கத்தான் அது, நீச்சலுக்கு இல்லை.

கேள்வி: ஒரு போனை ஆறு வருஷம் வைத்திருப்பவன் நான். எனக்கு எது முக்கியம்?

அப்டேட். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 வருஷ அப்டேட் என்று அறிவித்தார்கள். ஆனால் அது மாடல் வெளிவந்த நாளில் இருந்து எண்ணுகிற 7 வருஷம். நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. இரண்டு வருஷப் பழைய மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறதென்றால் அந்த இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜில் கஞ்சத்தனம் வேண்டாம்; ரேமைப் போலவே போனுக்குள் இருக்கிற ஸ்டோரேஜையும் பிறகு கூட்ட முடியாது. பேட்டரியை நடுவில் ஒருமுறை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றிலும் ஏஐ என்கிறார்களே?

ஏரோப்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்து, அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். செய்தால் போனுக்குள் இருக்கிறது. செய்யாவிட்டால் அது வெளியே ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதற்காக இந்த போனைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

கேள்வி: என் போன் மூன்று வருஷப் பழசு, 64 ஜிபி. அதில் 62 நிரம்பிவிட்டது. எதைத் திறந்தாலும் ஹேங் ஆகிறது. சாயங்காலத்துக்குள் சார்ஜும் தீர்ந்துவிடுகிறது. திரை, கேமரா எல்லாம் நன்றாக இருக்கிறது. என்ன போன் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். 64-க்கு 62 நிரம்பினால் எந்த போனும் திணறும். வீடியோக்களைக் கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள், குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களை அழியுங்கள், 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய கையோடு சார்ஜிங் துளையையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பாக்கெட் பஞ்சு உள்ளே கட்டியாக அடைந்திருக்கும். இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் ஹேங் ஆனால் எழுதுங்கள், எந்த போன் என்று பேசுவோம்.