லென்ஸ் வாங்குமுன்: வன்னி வாசகர்களின் கமராக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். 18-55 மில்லிமீற்றர் லென்ஸுடன் வந்த, ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவுச் சென்சர் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட கெனன் கமரா ஒன்று என்னிடம் உண்டு. இரணைமடுக் குளத்தில் நீர்ப்பறவைகளைப் படமெடுக்க விரும்புகிறேன். கடையொன்றில் புதிய 75-300 லென்ஸும், இன்னொருவரிடம் பாவித்த 55-250 லென்ஸும் ஏறத்தாழ ஒரே விலைக்கு இருக்கின்றன. "300 தானே பெரியது, கூர்மை குறைந்தால் கணினியில் திருத்திக்கொள்ளலாம்" என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: 55-250ஐ வாங்குங்கள். ஆனால், அதன் முன்வளையத்தில் எஸ்டிஎம் (STM, குவிய மோட்டாரின் வகையைக் குறிப்பது) என்ற எழுத்துக்கள் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். கெனன் இந்த லென்ஸை மூன்று வகைகளாக வெளியிட்டது. 2013இல் வந்த எஸ்டிஎம் வகையே அவற்றுள் விரைவாகவும் ஓசை குறைவாகவும் குவிவது, கூர்மையிலும் முந்தியது. விளம்பரத்தில் வெறுமனே '55-250' என்று எழுதியிருந்தால் எந்த வகை என்று கேட்டு, முன்வளையத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

300 பெரியதுதான். ஆயினும் 250க்குப் பதிலாக 300இல் எடுக்கும்போது பறவை சட்டகத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவே. கடைகளில் புதிதாகக் கிடைக்கும் மூன்றாம் வகை 75-300இல் அதிர்வுத் தடுப்பு இல்லை. அதன் மோட்டார் பழைய வகையைச் சேர்ந்தது. எல்லாவற்றையும் விட, எந்த 300க்காக அதை வாங்குகிறோமோ அந்த 300இல்தான் அது மிகவும் மங்கலாக இருக்கிறது. 250இல் கூர்மையாக எடுத்த படத்தைச் சற்று வெட்டிப் பெரிதாக்கினால், 300இல் மங்கலாக எடுத்ததை விட நன்றாகவே வரும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. லென்ஸின் குறைகளில் கணினி தீர்ப்பவையும் உண்டு, தீர்க்காதவையும் உண்டு. தீர்க்காதவற்றுக்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. நேர்கோடுகள் வளைவது, மூலைகள் இருள்வது, வெளிச்சமான வானத்தின் முன்னே நிற்கும் பட்டமரக் கிளையின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ படிவது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு லென்ஸையும் அளந்து தயாரித்த தரவு மென்பொருள்களில் உண்டு; ஒரு சொடுக்கில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே 'ஓரங்களில் கோடு வளைகிறது' என்ற குறைக்காக விலை கூடிய லென்ஸைத் தேட வேண்டியதில்லை. ஆனால் குவியம் பறவையின் கண்ணில் விழாமல் பின்னாலிருக்கும் நாணலில் விழுந்தாலோ, கை அசைந்தாலோ, லென்ஸே இறகின் நுண்கோடுகளைப் பிரித்துக் காட்டாவிட்டாலோ, அந்த விபரம் சென்சரில் பதிவாகவே இல்லை. மென்பொருளின் கூர்மைக் கருவி ஓரங்களின் ஒளி வேறுபாட்டை மிகைப்படுத்துமே தவிர, இல்லாத இறகைக் கொண்டுவராது. செயற்கை நுண்ணறிவு சேர்ந்த புதிய கருவிகள் இறகு போன்ற ஒன்றை வரைந்து வைக்கின்றன. அது நீங்கள் கண்ட பறவையின் இறகு என்று சொல்ல முடியாது.

அதிர்வுத் தடுப்பைப் பற்றியும் ஒரு சொல். அது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே சமன் செய்கிறது. பறக்கும் கூழைக்கடாவை அது நிறுத்தாது. பறவை பறக்கும்போது ஷட்டர் வேகத்தைக் குறைந்தது 1/1000 செக்கனுக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப ஐஎஸ்ஓவை (சென்சரின் ஒளியுணர்வு அளவை) உயர விடுங்கள். அதனால் படத்தில் வரும் சத்தப் புள்ளிகளை (நொய்ஸ்) கணினியில் குறைக்கலாம், அசைவைக் குறைக்க முடியாது.

இன்னொன்றையும் பணம் கொடுக்குமுன் யோசியுங்கள். கோடையில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின்னர் குளத்து நீருக்கும் காய்ந்த தரைக்கும் மேலே எழும் வெக்கைக் காற்று, தொலைவிலுள்ள எல்லாவற்றையும் நெளிய வைக்கும். அந்த நேரத்தில் இலட்சக்கணக்கில் விலைபோகும் லென்ஸும் உங்கள் 55-250ஐப் போலவே தோற்கும். விடிந்ததும் சென்று, குளக்கட்டில் முச்சக்கரவண்டியை நிறுத்தி, இறங்காமல் அதற்குள் இருந்தபடியே எடுத்துப் பாருங்கள். நடந்து வரும் மனிதரைக் கண்டு எழும்பும் பறவைகள் வாகனத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அப்படியும் தொலைவு போதவில்லை என்று ஒரு பருவம் கழித்துத் தோன்றினால், சிக்மா, டாம்ரோன் நிறுவனங்களின் 150-600ஐப் பாவித்த நிலையில் தேடலாம். அவை இரண்டு கிலோ அளவுக்குப் பாரமானவை என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: மாங்குளத்தில் இருக்கிறேன். கொழும்பிலுள்ள ஒருவர் இணையத்தில் விளம்பரம் செய்த பாவித்த லென்ஸ் ஒன்றைப் பஸ்ஸில் பொதியாக அனுப்புவதாகச் சொல்கிறார். நேரில் பார்க்காமல் வாங்கலாமா? பங்கசு பிடித்த லென்ஸை எப்படி அறிவது?

பதில்: முழுப் பணத்தையும் முற்கூட்டியே வங்கியில் இட்டுவிட்டுப் பொதிக்காகக் காத்திருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கொழும்பில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், லென்ஸை உங்கள் கண் முன்னே சோதிப்பது போல ஒரு காணொளி அழைப்பையாவது கேளுங்கள். அதற்கும் மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடலாம்.

சோதனைக்கு ஒரு சிறிய டோர்ச் லைட் போதும். இரு பக்க மூடிகளையும் கழற்றி, துவாரத்தை (லென்ஸுக்குள் ஒளி புகும் வழியை) முழுதாகத் திறந்து, பின்புறத்திலிருந்து ஒளியைச் சற்றுச் சரிவாகச் செலுத்தி முன்புறத்தால் பாருங்கள். பங்கசு மெல்லிய நூல்கள் கிளைவிட்டாற்போலவோ, சிலந்தி வலை போலவோ, பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருக்கும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது. ஓரத்தில் சிறு புள்ளியாக இருந்தால் படத்தில் தெரியாமலும் போகலாம். நடுவில் படர்ந்திருந்தால் ஒளிக்கு எதிரே எடுக்கும் எந்தப் படமும் பால் ஊற்றியதுபோல் வெளிறும். 'துப்புரவு செய்தால் சரியாகிவிடும்' என்று விற்பனையாளர் சொன்னால், அவரே துப்புரவு செய்வித்து விற்கட்டும். உள்ளே இரண்டொரு தூசித் துகள்கள் கிடப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அது எல்லா லென்ஸிலும் உண்டு. முன்கண்ணாடியில் ஒரு கீறலை விட, பின்கண்ணாடியில் இருக்கும் கீறலே படத்தை அதிகம் கெடுக்கும்.

அடுத்து, துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் பட்ட இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும், படங்கள் அளவுக்கு மீறி வெளிச்சமாகும். பின்னர் கமராவில் பொருத்தி, செய்தித்தாள் ஒட்டிய சுவர் ஒன்றை நேராக, துவாரத்தை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் பிழையில்லை. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால், லென்ஸ் விழுந்தோ உள்ளே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்தோ இருக்கிறது என்று கொள்ளலாம். கடைசியாக, தூரத்திலுள்ள கோபுரம் அல்லது தொலைத்தொடர்புக் கம்பத்தில் குவியம் சரியாக விழுகிறதா என்பதைப் பாருங்கள்.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; லென்ஸின் தொடரிலக்கத்தையும் அதில் எழுதுவியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் வழி கேட்கலாம். இந்தச் சட்டம் வியாபாரிகளை நோக்கியது. தன் பழைய லென்ஸை விற்கும் ஒரு தனியாளிடம் வாங்கியதற்கு இதில் அதிகம் நம்பியிருக்க முடியாது என்பதால்தான், முற்பணம் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரியில் எங்கள் வீடுகளின் ஈரப்பதன் பங்கசுக்கு மிகவும் பிடித்தமானது. லென்ஸைத் துணிப் பையிலோ தோல் உறையிலோ அலுமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல்லையும் மலிவான ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு, அளவு 40இலிருந்து 50 வீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி ஈரத்தைப் போக்கலாம். நீல நிற வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பது ஈரத்தை ஒழுங்காக இழுப்பதுமில்லை. அதன் தூள் குவியவளையத்துக்குள்ளும் போய்ச் சேரும்.

கேள்வி: வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலன்று இரவில் நான் எடுக்கும் படங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகின்றன. என்னிடம் நிக்கோன் டி3500 உள்ளது. பழைய 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஏஎஃப்-டி லென்ஸ் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: எஃப் 1.8 என்ற எண்ணம் மிகச் சரி (எஃப் எண் சிறிதாகும்போது துவாரம் பெரிதாகும்), அந்த லென்ஸ் தவறு. டி3500 உட்பட நிக்கோனின் 3000, 5000 வரிசைக் கமராக்களின் உடலில் குவிய மோட்டார் இல்லை. ஏஎஃப்-டி லென்ஸோ கமராவின் மோட்டாரை நம்பியே இயங்குவது. பொருந்தும், ஆனால் தானாகக் குவியாது. கூட்டத்துக்குள், இருளில், கையால் குவித்துக்கொண்டிருப்பது உங்களுக்கு வெறுப்பையே தரும். பெயரில் ஏஎஃப்-எஸ் (AF-S) என்று இருப்பதையே, அதாவது மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உள்ளதையே தேடுங்கள். ஏஎஃப்-எஸ் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸே உங்களுக்கு என் தெரிவு. டி3500இன் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சரில் அது ஏறக்குறைய இயல்பான பார்வைக் கோணத்தைத் தரும், 50 மில்லிமீற்றரோ நெருக்கடிக்குள் பின்வாங்க இடமில்லாமல் செய்துவிடும்.

கமராவுடன் வந்த சூம் லென்ஸை நீட்டும்போது துவாரம் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது. எஃப் 1.8 அதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 640 அளவு போதும். எந்த மென்பொருளாலும் இவ்வளவு சுத்தமாகப் புள்ளிகளைக் குறைக்க முடியாது. பதிலாக, குவியம் நிற்கும் ஆழம் மிகக் குறையும் என்பதால் முன்னிற்பவரின் கண்ணைப் பார்த்துக் குவியுங்கள்.

முன்னால் பாதுகாப்புக்கென்று மாட்டியிருக்கும் யூவி கண்ணாடியை இரவில் கழற்றிவிடுங்கள். தீப்பந்தத்தின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, படத்தில் இல்லாத ஒரு விளக்கைக் காட்டும். மின்விளக்குகளின் கீழே படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் வந்தால் கமராவில் பழுதில்லை: எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னுகின்றன. 1/50 அல்லது 1/100 செக்கன் வேகத்தில் எடுத்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: வவுனியாவில் படிக்கும் மாணவன் நான். ரோ (RAW) கோப்பில், அதாவது சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில், எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டத்தான் வேண்டுமா? 8 ஜீபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி மட்டுமே இருக்கிறது.

பதில்: கட்ட வேண்டியதில்லை. கெனன், நிக்கோன் இரண்டுமே தத்தம் கமராக்களுக்கான ரோ மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. எந்தக் கமராவுக்கும் டார்க்டேபிள், ரோதெரப்பி என்ற இரண்டு திறந்த மூல மென்பொருள்கள் உண்டு; நான் மேலே சொன்ன லென்ஸ் திருத்தத் தரவும் அவற்றில் இருக்கிறது. டார்க்டேபிளைப் பழகச் சில வாரங்கள் எடுக்கும், தொடக்கத்தில் எரிச்சலும் தரும். லைட்ரூம் இலகுவானது என்பதை மறுக்க மாட்டேன். 2023இல் அதில் வந்த செயற்கை நுண்ணறிவுச் சத்தப் புள்ளிக் குறைப்பு உண்மையிலேயே நன்று. ஆனால் நல்ல கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் அது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், ஆகவே உங்கள் மடிக்கணினிக்கு அது ஒரு காரணமாகாது. பூட்டு உடைத்த பிரதிகளை யாராவது பென்டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். அவற்றோடு வைரஸும் வரக்கூடும்.

ரோ எதற்கு என்றால், ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்சத்தின் 256 படிகளையே வைத்திருக்கிறது, 14 பிட் ரோ 16,384 படிகளை வைத்திருக்கிறது. வயலில் நிற்கும் வெண்கொக்கை உச்சி வெயிலில் எடுக்கும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். எனினும் ரோவும் முற்றாக எரிந்துபோன வெண்மையை மீட்காது. கொக்குக்கு வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டொப் அளவு குறைத்து எடுத்து, நிழலைப் பின்னர் கணினியில் உயர்த்துவதே பாதுகாப்பு.

கேள்வி: மன்னாரில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் உறவினர் சோனி கமராவும் லென்ஸும் அங்கே மலிவு, வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார்.

பதில்: லென்ஸை வாங்கி வரச் சொல்லலாம், எந்த நாட்டில் வாங்கினாலும் அது ஒன்றேதான். கமராவை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று வரும் சோனி கமராக்கள் பலவற்றில் திரையில் வரும் பட்டியல்கள் (மெனு) ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற வழி இருக்காது. லென்ஸுக்கும் உத்தரவாதப் பத்திரம் எந்த நாட்டில் செல்லும் என்று வாங்குமுன் வாசிக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் மட்டும் என்றிருந்தால், பழுதானபோது இங்கு திருத்துகூலியை நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்த பின்னர் மலிவா என்று முடிவு செய்யுங்கள்.