அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே அரசுத் தேர்வு ஏன்? அதை மாற்ற வேண்டும் என்று ஆசிரியர்கள் ஏன் கேட்கிறார்கள்?

டெக்சாஸில் ஓர் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். இது பன்னிரண்டாவது வருடம். மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஊரில் இருப்பவர்கள் இதை நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பொதுத் தேர்வில் எடைபோடப்படுவது பிள்ளை. இங்கே பிள்ளை எழுதுகிறது, எடைபோடப்படுவது பள்ளி. டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை ஒரு கிரேடு உண்டு, எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளுக்கு அது ஏறக்குறைய முழுக்க ஏப்ரலில் நடக்கும் ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்வின் மார்க்கை வைத்துத்தான். தேர்வைத் தயாரித்து நடத்துவது மாநிலம். ஆனால் நடத்தியே தீர வேண்டும் என்று சொல்வது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் சட்டம். பள்ளிச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு பணம்தான் அங்கிருந்து வருகிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு அந்தப் பணம் இல்லாமல் முடியாது, அதனால் எந்த மாநிலமும் மறுப்பதில்லை.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1965-ல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இது. அவர் இளவயதில் டெக்சாஸில் கோட்டுலா என்ற சின்ன ஊரில், ஆங்கிலம் சரியாக வராத ஏழை மெக்சிகப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தப் பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. 1994-ல் அதைத் திருத்தியபோது, தொடக்கம், நடுநிலை, உயர்நிலை என்று கட்டத்துக்கு ஒரு முறை தேர்வு போதும் என்று வைத்தார்கள். 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட திருத்தம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வருடா வருடம், அப்புறம் உயர்நிலையில் ஒரு முறை, வாசிப்பும் கணக்கும். அறிவியல் மட்டும் கட்டத்துக்கு ஒரு முறை. 2014-க்குள் நாட்டில் ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் தேறியாக வேண்டும், தேறாத பள்ளிக்குத் தண்டனை. 2011-ல் கணக்குப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிப் பள்ளிகள் அந்த வருட இலக்கைத் தொடவில்லை. நடக்காது என்று தெரிந்ததும் மாநிலம் மாநிலமாக விலக்குக் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் ஒபாமா புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார், தண்டனைப் பொறுப்பில் பெரும்பகுதி மாநிலங்களின் கைக்கு வந்தது. வருடாந்தரத் தேர்வு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எண்ணிப் பார்த்தால் வாசிப்பும் கணக்கும் ஏழேழு, அறிவியல் மூன்று, ஆக ஒரு பிள்ளை பள்ளி முடிக்கும்வரை 17 தேர்வுகள். இதுவா பெரிய சுமை என்று கேட்கலாம். ஆனால் பெருநகரப் பள்ளி மாவட்டங்களின் கூட்டமைப்பு 2015-ல் எண்ணியபோது மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிள்ளை சராசரியாக 112 கட்டாயத் தேர்வுகள் எழுதுவதாக வந்தது. சட்டம் கேட்டது 17. மிச்சத்தில் பெரும்பாலானவை பயத்தால் முளைத்தவை என்றுதான் சொல்வேன். ஏப்ரலில் என்ன ஆகுமோ என்று டிசம்பரில் ஒரு மாதிரித் தேர்வு, பிப்ரவரியில் இன்னொன்று, நடுவில் ‘பெஞ்ச்மார்க்’ என்று ஒரு முன்னோட்டத் தேர்வு, அந்த பெஞ்ச்மார்க்குக்குத் தயாராக ஒரு வாரம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜனவரி மாதம் எங்களை உட்காரவைத்துப் பெயர்ப் பட்டியலைக் கொடுப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை எப்படியும் தேறிவிடும். மஞ்சள் நூலிழையில் நிற்கும் பிள்ளைகள், தனி வகுப்பு எல்லாம் அவர்களுக்கு. சிவப்பைப் பற்றிப் பேச்சே வராது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளோடு மூன்று மாதம் மாரடித்தாலும் பள்ளியின் கிரேடு அசையாது. வாசிக்கவே திணறும் பிள்ளைக்குத்தான் என் நேரம் அதிகம் போக வேண்டும். யாருக்காக 1965-ல் சட்டம் போட்டார்களோ அந்தப் பிள்ளைதான் சிவப்பில் இருந்தது.

போன வருடம் அக்டோபரில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் சேர்ந்தாள். பேசுவது டாரி. மார்ச்சில் ஒரு பயிற்சிக் கணக்கு, ஒருவனிடம் மூன்று குவார்ட்டர்ஸ், இரண்டு டைம்ஸ் இருக்கிறது, மொத்தம் எத்தனை சென்ட் என்று. குவார்ட்டர் என்பது 25 சென்ட் நாணயம், நம் நாலணா மாதிரி. டைம் 10 சென்ட். விடை 95. இவள் ஒன்றரை என்று போட்டிருந்தாள், கம்ப்யூட்டர் தப்பு என்று காட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ரஃப் தாளைப் பார்த்தேன். முக்கால், பெருக்கல் குறி, இரண்டு, ஒன்றரை. குவார்ட்டர் என்றால் கால் என்று முந்தின வாரம் சொல்லிக்கொடுத்ததே நான்தான், ஆக மூன்று குவார்ட்டர்ஸ் முக்கால். டைம்ஸ் (dimes) என்பதைத் ‘தடவை’ (times) என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். முக்காலை இரண்டு தடவை எடுத்தால் ஒன்றரை. நாலாம் வகுப்பில் நாங்கள் பின்னத்தைப் பெருக்கவே சொல்லிக்கொடுப்பதில்லை, அது அடுத்த வருடப் பாடம்.

ஏப்ரலில் அவளும் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த வாய்பாடு, படங்கள் எல்லாவற்றையும் தாள் ஒட்டி மறைத்துவிடுவோம், அது விதி. உதவ மாட்டேன், கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஆசிரியர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியவில்லை. வந்து 12 மாதம் ஆகாத பிள்ளைக்கு வாசிப்புத் தேர்வை ஒரு முறை விட்டுவிட மத்தியச் சட்டம் மாநிலத்துக்கு இடம் கொடுக்கிறது, கணக்குக்கு அந்த விலக்கு கிடையாது. ஸ்பானிஷில் எழுத இங்கே வசதி உண்டு, டாரியில் இல்லை. ஜூனில் ரிசல்ட் வந்தது, அவள் பெயருக்கு எதிரில் தேறவில்லை என்று இருந்தது. அதற்குள் கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடிவிட்டது. அந்த ரிசல்ட்டை வைத்து அவளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியானால் தேர்வையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், இந்த இடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பலருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. 2002-க்கு முன்னால் ஒரு பள்ளியின் சராசரி நன்றாக இருந்தால் போதும், அதற்குள் கறுப்பினப் பிள்ளைகள் எப்படி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எப்படி, மாற்றுத்திறன் பிள்ளைகள் எப்படி என்று பல இடங்களில் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டு, 95 சதவீதப் பிள்ளைகளையாவது எழுதவை என்று அந்தச் சட்டம் பிடிவாதமாகச் சொன்னது நல்ல காரியம். சிவில் உரிமை அமைப்புகள் பல இன்றும் இந்தத் தேர்வை விட்டுக்கொடுக்காமல் நிற்பது இதற்காகத்தான்.

ஆனால் மார்க்கோடு பணத்தையும் வேலையையும் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. எங்கள் மாநிலத்திலேயே எல் பாஸோவில், ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிடாமல் தள்ளிவைத்த திட்டத்துக்காக அங்கத்திய பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு 2012-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. அட்லாண்டாவில் விடைத்தாளை அழித்துத் திருத்திய விவகாரத்தில் 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் பெயர் வந்தது.

என்னைக் கேட்டால் வழி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. நாடு முழுவதும் நான்காம், எட்டாம் வகுப்புகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ‘நேப்’ என்று ஒரு தேர்வு நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை, மாதிரிக்குச் சிலரை எடுக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு மொத்தக் கேள்விகளில் ஒரு பகுதிதான் வரும். எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பள்ளிக்கும் மார்க் கிடையாது, ஆனால் எந்த மாநிலத்தில் எந்தப் பிரிவுப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதுதான். மாநிலத் தேர்வையும் இப்படி ஆக்கலாம். இல்லையென்றால் அறிவியலுக்கு இப்போதே இருப்பதுபோல் வாசிப்புக்கும் கணக்குக்கும் கட்டத்துக்கு ஒரு முறை என்று ஆக்கலாம், 17 என்பது 9 ஆகிவிடும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் போதாது, கணக்குக்கும் சேர்த்து மூன்று வருடமாவது மார்க்கைப் பள்ளிக் கணக்கில் ஏற்றக் கூடாது. பின்தங்கும் பள்ளி என்று தெரிந்தால் அங்கே வாசிப்புப் பயிற்சி ஆசிரியரை அனுப்ப வேண்டும், எஃப் என்று பலகை மாட்டுவதால் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து வரப்போவதில்லை.

டெக்சாஸ் 2025-ல் ஒரு சட்டம் போட்டு, 2027-28 முதல் ‘ஸ்டார்’ போய் வருடத்துக்கு மூன்று சின்னத் தேர்வுகள் வரும் என்று சொல்லியிருக்கிறது. ரிசல்ட் சீக்கிரம் வரும் என்பது நல்லதுதான், ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வருடமும் என்பது மாறவில்லை, மாற்ற மாநிலத்தால் முடியாது. கல்வித் துறையையே மூடப் போவதாக 2025 மார்ச்சில் அதிபர் உத்தரவு போட்டபோது, அப்பாடா தேர்வு ஒழிந்தது என்று சிலர் எழுதினார்கள். துறை போனாலும் சட்டம் சட்டமாகவே இருக்கும். நாடாளுமன்றம் திருத்தினால்தான் உண்டு. 2015 சட்டத்தின் நிதி ஒதுக்கீட்டுக் காலம் 2020-உடனேயே முடிந்துவிட்டது, வருடா வருடம் பணத்தை மட்டும் நீட்டித்துக்கொண்டு சட்டத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூனிலும் ரிசல்ட் வந்ததும் எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது என் வழக்கம். இந்த வருடக் கடிதத்தில் அந்தப் பெண் போட்ட ஒன்றரையைப் பற்றி எழுதினேன், பெயர் சொல்லாமல்.