கேளுங்க டீச்சர்: மரத்தடியில ஒரு பீரியட்

கேள்வி: கிராமத்துல நடுநிலைப்பள்ளி டீச்சரா இருக்கேன், நாலாம் வகுப்பு, 34 பசங்க. பெரிய கிரவுண்ட் கிடையாது, ஒரு வேப்பமரம், ஒரு பூவரசு, சுத்துச்சுவரு, அவ்ளோதான். இயற்கையைக் காட்டலாம்னு ஒருநாள் வெளிய கூட்டிட்டுப் போனேன். பத்து நிமிஷத்துல எல்லாரும் ஓடிப்பிடிச்சு விளையாட ஆரம்பிச்சுட்டாங்க, பக்கத்து கிளாஸ் சார் வந்து சத்தம் போட்டுட்டார். என்ன பண்றது டீச்சர்?

பதில்: ஓடுனாங்கன்னு மனசு கஷ்டப்படாதீங்கம்மா. காலையில இருந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்த பிள்ளைங்க வெளிய விட்டா ஓடத்தான் செய்யும், அதனால அந்த பத்து நிமிஷத்தை நீங்களே குடுத்துடுங்க, ஓடி முடிச்சு மூச்சு வாங்கிட்டு வந்து உட்காரட்டும். அப்புறம் ஆரம்பிங்க. பி.டி. பீரியட்டை ஒட்டி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, பக்கத்து கிளாஸ் சாருக்கும் தொந்தரவு இருக்காது.

ரெண்டு மரம் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அது தாராளம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் பிள்ளைங்களை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய் "இது வேம்பு, இதோட தாவரவியல் பேரு இது, எழுதிக்கோங்க"ன்னு சொல்லுவேன். முப்பது பிள்ளையும் நோட்டைத்தான் பார்க்கும், ஒண்ணுகூட மரத்தை அண்ணாந்து பார்க்காது. பேரு பின்னாடி வரட்டும். ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்க, அதுதான் நான் உங்களுக்குச் சொல்ற முக்கியமான விஷயம்.

பூவரசுல இருந்து ஆரம்பிங்க. காலையில பூ நல்ல மஞ்சளா இருக்கும்போது நாலு நாலு பிள்ளையா பிரிச்சு, கைக்கு எட்டுற பூவா பார்த்து, ஒவ்வொரு குழுவும் ஒரு பூவோட காம்புல கலர் நூல் கட்டட்டும், பூவை நோட்டுல வரைஞ்சு கலர் அடிக்கட்டும். என்ன ஆகும்னு நீங்க வாயே திறக்காதீங்க. சாயங்காலம் பெல் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, மறுநாள் காலையில இன்னொரு தடவை. மஞ்சப்பூ கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறி செவந்து சுருங்கியிருக்கும். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு "டீச்சர், யாரோ என் பூவை எடுத்துட்டு வேற பூவை கட்டி வச்சுட்டாங்க"ன்னு அழுதுட்டா. நூலைப் பாரு, நீ போட்ட முடிச்சுதானேன்னு கேட்டேன். அவ முடிச்சைத் தொட்டுப் பார்த்தா, பூவைப் பார்த்தா, திரும்ப முடிச்சைப் பார்த்தா, அப்புறம் ஒரு வாரம் இன்டர்வெல்ல எல்லாம் அந்த மரத்தடியிலதான் இருந்தா. அப்புறம் அந்த இலையில பீப்பி செஞ்சு ஊதச் சொல்லிக்குடுங்க, நம்ம காலத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சது, இப்ப நிறைய பிள்ளைங்களுக்குத் தெரியல.

வேப்பமரத்தை வருஷம் பூரா வச்சுக்கலாம். வாரம் ஒருநாள், ஒரே கிழமையில அஞ்சு நிமிஷம் போய் நின்னு, பழைய இலை, கொழுந்து, பூ, காய், பழம் இதெல்லாம் இல்லையா, கொஞ்சமா, நிறையவான்னு மட்டும் குறிச்சா போதும். சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு, நம்ம நாட்டுல நிறைய ஸ்கூல் பிள்ளைங்க இதே மாதிரி மரத்தைப் பார்த்து அதுல பதிவு பண்றாங்க, நீங்களும் சேரலாம். மாசி பங்குனியில இலை உதிர்றது, செம்பு நிறத்துல கொழுந்து வர்றது, வருஷப்பிறப்புக்குப் பச்சடியில போடுற பூ எங்க இருந்து வந்துச்சு, பழம் பழுத்தா எந்தப் பறவை எல்லாம் வருதுன்னு பிள்ளைங்களே சொல்லும். போன வருஷத்து நோட்டை எடுத்து இந்த வருஷப் பசங்க கையில குடுங்க, இன்னைக்கு தேதியில போன வருஷம் பூ வந்துச்சான்னு தேடுவாங்க பாருங்க, அந்த முகத்தைப் பார்க்கணும்.

இன்னொண்ணு, மழை படாத சன்ஷேடு ஓரத்துப் புழுதியில சின்னச் சின்ன புனல் மாதிரி குழி இருக்கான்னு பாருங்க, அது குழிநரிங்கற சின்னப் பூச்சியோட குழி. அடியில மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு கொடுக்கு மாதிரி தாடையை மட்டும் தயாரா வச்சிருக்கும், எறும்பு சறுக்கி விழுந்து ஏறப் பார்த்தா தலையால மண்ணை அள்ளி வீசி திரும்ப கீழ தள்ளும். ஒரு புல்லை விட்டு லேசா ஆட்டினா போதும், மண்ணு தெறிக்கும். ஒண்ணை உள்ளங்கையில எடுத்து விட்டா பின்னாடியேதான் போகும். இது வளர்ந்து தட்டான் மாதிரி றெக்கையோட பறக்கும்னு சொன்னா பிள்ளைங்க நம்பாது. பார்த்து முடிச்சதும் அந்தப் புழுதியிலேயே திரும்ப விட்டுடணும், இதை முதல் நாளே சொல்லிடுங்க.

கேள்வி: என் பையன் ரெண்டாவது படிக்கிறான். வாரத்துல ஒரு நாள் மரத்தடியில, மண்ணுல உட்கார வைக்கறாங்க. பூச்சி, பாம்பு கடிச்சா யார் பொறுப்பு? படிக்கற நேரத்துல இது தேவையா?

பதில்: உங்க பயம் நியாயமானதுங்க, அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். டீச்சர்கிட்ட இதெல்லாம் கேளுங்க: பிள்ளைங்க போறதுக்கு முன்னாடி பெரியவங்க யாராவது அந்த இடத்தைச் சுத்திப் பார்க்கறாங்களா, எல்லாரும் ஷூ போட்டிருக்காங்களா, கல் இடுக்கு, பொந்து, விறகுக் கட்டுப் பக்கம் கையை விடக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருக்காங்களா. கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது. எந்தக் காயையும் கிழங்கையும் வாயில வைக்கக்கூடாது, அரளி, ஊமத்தை, நம்ம மாநில மலரான செங்காந்தள்கூட விஷம்தான். பையனுக்கு தேனீ கொட்டினா அலர்ஜி ஆகும்னா அதை எழுதியே குடுத்துடுங்க. இவ்வளவும் சரியா இருந்தா தைரியமா அனுப்புங்க.

பாடம் போகுதேன்னு நினைக்காதீங்க. சுற்றுச்சூழலைப் பத்திப் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லிக்குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1991லயே சொல்லிடுச்சு, 2020 தேசியக் கல்விக் கொள்கையிலயும் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 10 நாள் புத்தகப் பை இல்லாத நாள்னு வருது. உங்க பையன் சின்னவன், அவனுக்கு ஒரு குச்சியை நட்டு மணிக்கு ஒரு தடவை நிழலை அளக்கச் சொன்னா அதுலயே கணக்கு இருக்கு. நிழல் ரொம்பச் சின்னதா ஆகறது சரியா 12 மணிக்கு இல்ல, சென்னையில வருஷத்துல பெரும்பாலான நாள் அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுதான். ஏப்ரல்ல ஒரு நாள், ஆகஸ்ட்ல ஒரு நாள் உச்சி நேரத்துல அந்தக் குச்சிக்கு நிழலே விழாது, நம்ம தலைக்கு நேரா சூரியன் வர்ற நாள் அது. லீவு நாளா இருந்தா வீட்டு மொட்டை மாடியில நீங்களும் அவனும் சேர்ந்து பாருங்களேன்.

கேள்வி: எங்க ஸ்கூல் சிட்டிக்குள்ள, மூணு மாடிக் கட்டடம், கீழ முழுக்க சிமெண்ட். நாங்க என்ன பண்றது?

பதில்: ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கித் தொட்டியில வைங்க. மருந்து அடிக்காதீங்க. வெயில் படுற இடமா இருந்தா கறிவேப்பிலை அழகின்னு ஒரு கருப்புப் பட்டாம்பூச்சி தேடி வந்து கொழுந்து இலையில முட்டை வைக்கும், கடுகை விடச் சின்னதா வெளிர் மஞ்சளா இருக்கும். அதுல இருந்து வர்ற புழு முதல்ல பார்க்க காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், "ச்சீ"ன்னு பிள்ளைங்க தள்ளிப் போகும், பறவையும் அப்படித்தான் ஏமாந்து விட்டுட்டுப் போகுது. பெருசானதும் பச்சையாயிடும். லேசா சீண்டினா தலைக்குப் பின்னாடி சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும். முட்டையில இருந்து பட்டாம்பூச்சி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மாசம், தினமும் ரெண்டு பேர் முறை வச்சு வரைஞ்சு தேதி போடட்டும். கூட்டுல இருந்து வெளிய வந்ததும் றெக்கை கசங்கி ஈரமா தொங்கும், அப்ப யாரும் தொடவே கூடாது, காஞ்சு விரியற வரைக்கும் மொத்த கிளாஸும் சும்மா நிக்கட்டும். எலுமிச்சைச் செடி இருந்தாலும் இதே மாதிரி வரும். அந்த ஒரு மாசம் செடியில இலை பாதி போயிடும், சமையலுக்குக் கடையில வாங்கிக்கலாம்.

கேள்வி: போன்ல பேரு கண்டுபிடிக்கற ஆப் இருக்கே, வெளிய போகும்போது பிள்ளைங்க கையில குடுக்கலாமா?

பதில்: கடைசியில குடுங்க. ஒரு பறவையைப் பார்த்தா, முதல்ல அலகு எப்படி இருந்துச்சு, வாலை ஆட்டுச்சா, தரையில நடந்துச்சா தத்துச்சான்னு அவங்களே சொல்லி வரையட்டும், அதுக்கப்புறம் நீங்க போனைத் திறந்து சரிபாருங்க. பொங்கல் சமயத்துல 4 நாள் தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், இருக்கற இடத்துலயே 15 நிமிஷம் நின்னு எந்தப் பறவை எத்தனைன்னு எண்ணி இபேர்டுன்னு பறவைகளைப் பதிவு பண்ற இணையதளத்துல பதிவு பண்ணணும். காக்கா, மைனா, புறாவை எல்லாம் விட்டுடாம எண்ணணும். மார்கழியிலயே ரெண்டு தடவை எண்ணிப் பழகிக்கிட்டா பொங்கலுக்குப் பிள்ளைங்களே ரெடியா இருப்பாங்க.