மேடை இருக்கட்டும், குசினியைப் பாருங்கள்

கேள்வி: செங்கலடிப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். அண்ணனின் மகளுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து, மருந்து முடிந்து ஒரு வருடமாகிறது. இப்போது ஒன்பது வயது, நன்றாக இருக்கிறாள். செப்டெம்பரில் சிறுவர் புற்றுநோய் விழிப்புணர்வு நிகழ்ச்சி செய்கிறோம். அவளை மேடையேற்றி, படத்தைப் பேனரில் போட்டால் எல்லோருக்கும் நம்பிக்கை வரும். மச்சாள் மறுக்கிறா. அண்ணன் கட்டாரில். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மாவின் மனத்திருப்திக்காக ஒரு நீலக் கோப்பை மட்டும் தனியாக வைத்திருக்கிறோம். கெட்டிக்காரி, வந்ததும் தானே போய் எடுத்துக்கொள்வாள். மச்சாளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மச்சாள் விஷயம் கிடக்கட்டும். அந்த நீலக் கோப்பைக்கு வாருங்கள். ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், கூடவே ஒரு பாராட்டு வேறு. மாமி வீட்டுக்கு வருகிற பிள்ளை, உங்கள் பிள்ளைகளின் கோப்பைகளைத் தொடாமல் தனக்கு ஒதுக்கியதைத் தேடி எடுக்கிறாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. இதையா கெட்டித்தனம் என்கிறீர்கள்?

புற்றுநோய் எச்சிலால் தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் வராது. மருந்து ஏறுகிற காலத்தில் துப்புரவாக இருக்கச் சொல்வார்கள், உண்மைதான். அது நம்முடைய தடிமனும் காய்ச்சலும் பிள்ளைக்கு ஒட்டாமல் இருக்க. நீங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டீர்கள், அதுவும் மருந்து முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும்.

அம்மாவைச் சாட்டாதீர்கள். நமது மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. அந்தக் குசினி உங்களுடையது. ஊருக்கு விளக்கம் சொல்ல மேடை போடுகிறவருக்குப் பெற்ற தாயிடம் சொல்ல வாய் வரவில்லையா? அப்பம்மா பாவம், அவவுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். வயதுபோனவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது நாம் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற சாட்டு. இன்றைக்கே உட்கார்த்திச் சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்குள் தனிக் கோப்பை, மேடையில் மாலை என்றால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? மச்சாள் மறுத்தது சரி. அந்தப் படம் ஒருமுறை பேஸ்புக்கில் ஏறினால் பிள்ளை ஏ.எல். படிக்கிற காலத்திலும் பின்னாலேயே வரும். அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

நிகழ்ச்சியைக் கைவிடச் சொல்லவில்லை. "கான்சர் என்றால் முடிஞ்சுது" என்று மருந்தைப் பாதியில் விட்டுப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம்பிக்கை வார்த்தை தேவைதான். ஆனால் சும்மா பூச்சூடிய வார்த்தை வேண்டாம். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூட இல்லை. பிந்திக் கண்டுபிடிப்பதும் மருந்தை இடையில் விடுவதும் அதற்கு முக்கிய காரணங்கள். 2030க்குள் உலகம் முழுக்க நூற்றுக்கு 60 பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். பேனரில் முகத்துக்குப் பதிலாக அறிகுறிகளை எழுதுங்கள்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உடல் வெளிறிப்போவது, அடிபடாமலே தோல் கன்றிப்போவது, எலும்பு நோவு, கரையாத கட்டி, காலையில் தலையிடியோடு சத்தி, போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது. இவை வந்தாலே புற்றுநோய் என்றில்லை, ஆனால் பேய் பார்க்கவும் நூல் கட்டவும் ஓடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மாணவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமென்றால் ஒரு பட்டிப்பூ (நித்தியகல்யாணி) செடியை வையுங்கள். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஏற்றுகிற வின்கிறிஸ்டின் மருந்து அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. (அவித்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், செடி நஞ்சு.)

கடைசியாக ஒன்று. அண்ணன் கட்டாரில் என்றால், இத்தனை வருடமும் மஹரகம கிளினிக்குக்கு மச்சாளோடு யார் போனது? நீங்கள் போயிருந்தால் எழுதியிருப்பீர்கள். அடுத்த திகதியைக் கேளுங்கள், லீவு போடுங்கள், அந்த இரவு பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். போகிற வழியில் பேனர்ப் பேச்சை எடுக்க வேண்டாம்.